தன் கையையே கொசுவுக்குக் கொடுப்பது தியாகமா, அசட்டுத் துணிச்சலா?

வலைக்குள்_ஒருவன்: மஞ்சள் காய்ச்சலைப் பரப்புவது கொசுதான் என்று 1881-லேயே கியூபா மருத்துவர் கார்லோஸ் ஃபின்லே சொன்னார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1900-இல் கியூபாவின் ஹவானாவில், அதைச் சோதிக்க வந்த அமெரிக்க ராணுவக் குழுவின் மருத்துவர் ஜேம்ஸ் கேரல் தன் கையை நீட்டிக் கடி வாங்கி, சாகக் கிடந்து பிழைத்தார். அதே குழுவில் இருந்த மருத்துவர் ஜெஸ்ஸி லாசியர் பிழைக்கவில்லை. ஊரான் பிள்ளையைப் பணயம் வைக்காதவர்களைக் குறை சொல்ல நமக்கு என்ன தகுதி?

சந்தேகப்பிராணி: தகுதி கிடக்கட்டும், அது சோதனையாகத் தேறியதா? கேரல் அதற்கு முன்பே காய்ச்சல் நோயாளிகள் இருந்த இடங்களுக்குப் போய் வந்தவர். நோய் கொசுவால் வந்ததா, அங்கே தொற்றியதா? குழுத் தலைவர் வால்டர் ரீடுக்கே அது போதவில்லை. தனியாக முகாம் போட்டார். சிலரைக் கொசு கடித்தது. வேறு சிலர் நோயாளிகளின் வாந்தி படிந்த படுக்கையில், கொசு புகாத குடிலில், இரவு இரவாகப் படுத்தார்கள். நாற்றம் தாங்காமல் தவித்தார்களே தவிர, ஒருவருக்கும் காய்ச்சல் வரவில்லை. நிரூபணம் அதுதான்.

வலைக்குள்_ஒருவன்: அந்த முகாமின் பெயரே லாசியர் முகாம்!

சந்தேகப்பிராணி: பெயர் வைத்தால் சான்றாகிவிடுமா?

வலைக்குள்_ஒருவன்: சரி, இதைக் கேளுங்கள். முதலில் கடி வாங்கிய பலருக்கு ஒன்றும் ஆகவில்லை. கேரலைக் கடித்த கொசு மட்டும் 12 நாளுக்கு முன் நோயாளியின் ரத்தம் குடித்தது. கிருமி கொசுவுக்குள் முதிர நாளாகும் என்ற துப்பு அங்கேதான் கிடைத்தது. அது இல்லாமல் ரீடின் முகாமும் தோற்றிருக்கும்.

மூன்றாம்_ஆள்: இருவரும் பணத்தை மறந்துவிட்டீர்கள். முகாமில் சேர்ந்தால் 100 டாலர் தங்கம், காய்ச்சல் வந்தால் இன்னொரு 100. கையெழுத்துப் போட்டவர்களில் ஸ்பெயினிலிருந்து பிழைக்க வந்தவர்களும் உண்டு. 1901-இல் ஹவானாவில் நடந்த வேறொரு சோதனையில் கிளாரா மாஸ் என்ற செவிலி 25 வயதில் இறந்தார். மருத்துவர் தன்னையே கடிக்க விடுவது இதைவிட நேர்மை இல்லையா?

சந்தேகப்பிராணி: நேர்மைதான், ஆனால் தன்னைத் தடுக்க ஆளில்லாதவர் ஆபத்தானவர். தடுப்பூசியோ மருந்தோ பலிக்கிறதா என்று அறிய, முன்வருபவர்களைக் கொசு கடிக்க விடும் இன்றைய மலேரியாச் சோதனையைப் பாருங்கள். வலை மூடிய கோப்பையில் ஐந்து கொசுக்கள், அதன்மேல் முன்கை. அப்புறம் அடிக்கடி ரத்தப் பரிசோதனை, ஒட்டுண்ணி தலைகாட்டியதும் மருந்து. நிறுத்தும் அதிகாரம் வேறொருவரிடம் இருக்கிறது. லாசியருக்கு மருந்தும் இல்லை, நிறுத்தச் சொல்ல ஆளும் இல்லை. ரீட் அப்போது வாஷிங்டனில் இருந்தார்.

வலைக்குள்_ஒருவன்: ஆமாம், அதுதான் என் கோபமும். குழுத் தலைவர் அங்கே இருந்திருக்க வேண்டாமா?