மறுமொழி: ‘ஃபிளாப்’ ஆன வீரரைத் தமிழில் எப்படிச் சொல்வது?

குழுவினருக்கு வணக்கம்.

நான் கேட்டது சின்னக் கேள்வி. பெருந்தொகை கொடுத்து வாங்கப்பட்டு, அந்தத் தொகைக்கு ஆடாத கால்பந்து வீரரைக் குறிக்க ஒரு சொல் வேண்டும் என்றேன். மூன்று நாளில் பதினேழு மடல்கள் வந்துவிட்டன. அவற்றில் நான்கு, கால்பந்தா உதைபந்தா என்ற பழைய வழக்கு. அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம். மற்றவற்றுக்கு என் பதில்கள் கீழே.

> ‘தோல்வி வீரர்’ என்றால் எல்லோருக்கும் புரியும். ஏன் சுற்றி வளைக்க வேண்டும்?

புரியும் ஐயா, ஆனால் தவறாகப் புரியும். தோற்றவர் வேறு, விலைக்கு ஆடாதவர் வேறு. இந்தப் பேச்சு எழும்போதெல்லாம் முதலில் வரும் பெயர் பெர்னாண்டோ டோரஸ். 2011 ஜனவரி 31 அன்று இங்கிலாந்தின் செல்சி அணி அவரை இன்னொரு இங்கிலாந்து அணியான லிவர்பூலிடமிருந்து 5 கோடி பவுண்டுக்கு வாங்கியது. பிரிட்டிஷ் கால்பந்தில் அதுவரை யாருக்கும் கொடுக்காத விலை. அவர் அங்கே இருந்த காலத்தில்தான் செல்சி 2012இல் சாம்பியன்ஸ் லீக்கையும் 2013இல் யூரோப்பா லீக்கையும் வென்றது. இரண்டு ஐரோப்பியக் கோப்பைகளைக் கையில் ஏந்தியவரைத் தோல்வி வீரர் என்று எப்படி அச்சிடுவது?

> வெள்ளை யானை.

இது ஆங்கிலத்திலிருந்து அப்படியே நடந்து வந்த யானை. யானையைக் கட்டித் தீனி போடுவது என்று நம்மிடமே வழக்கு உண்டு. ஆனால் அது சம்பளச் சுமையைச் சொல்கிறது, ஆட்டத்தைச் சொல்வதில்லை.

> வங்கிக்காரர்கள் வாராக்கடன் என்கிறார்களே, அதுபோல ‘வாரா வரவு’?

வாய்விட்டுச் சிரித்தேன் அண்ணா. ஆனால் சிரித்து முடித்த பிறகுதான் இதில் பாதி தங்கம் என்று தெரிந்தது. ‘வரவு’ என்பது ஆளின் வருகையையும் குறிக்கும், கணக்கேட்டில் உள்ளே வரும் பணத்தையும் குறிக்கும். புது வீரரை வரவேற்கும் ரசிகர் இந்த இரண்டு பொருளிலும்தான் அவரைப் பார்க்கிறார். ஆகவே வரவை எடுத்துக்கொள்கிறேன். ‘வாரா’தான் இடிக்கிறது. ஆள் வந்துவிட்டார், வாரந்தோறும் சம்பளமும் வாங்குகிறார். வராதது கோல் மட்டும்.

> ‘பொய்த்த வரவு’ எப்படி? மழை பொய்த்தது என்கிறோம் அல்லவா?

அம்மா, இந்தச் சொல் என்னை ஓர் இரவு தூங்கவிடவில்லை. அழகில் இதை மிஞ்ச இந்த இழையில் வேறு சொல் இல்லை. கார்மேகம் திரண்டு நின்று கலைந்துபோவதைப் பார்த்தவர்களுக்குத்தான் இப்படி ஒரு சொல் தோன்றும். இருந்தும் ஒரு தடை. ‘பொய்த்த’ என்றால் கதை முடிந்துவிட்டது. இறந்தகாலம் கதவைச் சாத்திவிடுகிறது. ரசிகர்கள் அப்படிச் சாத்துவதே இல்லை.

டோரஸையே பாருங்கள். செல்சிக்காக முதல் ஆட்டமே தம் பழைய லிவர்பூலுக்கு எதிராக, சொந்த மைதானத்தில். 1-0 என்று தோல்வி. ‘பழகட்டும்’ என்றார்கள். முதல் கோலுக்கு 903 நிமிடங்கள் ஆயின. ஏப்ரல் 23 அன்று, வெஸ்ட் ஹாமுக்கு எதிராக, கொட்டும் மழையில் பந்து தேங்கிய நீரில் நின்றுபோக, அதை அடித்தார். அன்று மைதானமே துள்ளியது. ‘இனி பிடித்துக்கொள்வார்’ என்றார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் மான்செஸ்டர் யுனைடெட்டின் மைதானமான ஓல்ட் டிராஃபோர்டில் ஒரு கோல் அடித்துவிட்டு, பிறகு கோல்கீப்பர் டி கெயாவையும் சுற்றிக் கடந்து, ஆளில்லாத கோலுக்கு வெளியே தட்டினார். ‘இவர் அவ்வளவுதான்’ என்று ஊரே தீர்ப்பு எழுதியது. 2012 ஏப்ரல் 24, பார்சிலோனாவுக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி. பத்துப் பேராகச் சுருங்கிய செல்சி மூச்சுத் திணறித் தற்காத்துக்கொண்டிருக்கிறது. ஆட்டம் முடியும் தறுவாயில் டோரஸ் பாதி மைதானத்தைத் தனியாக ஓடிக் கடந்து, கோல்கீப்பர் வால்டெஸைச் சுற்றிப் போய், இந்த முறை உள்ளே தள்ளினார். அணி இறுதிப் போட்டிக்குப் போனது. ஆறு மாதமாகத் திட்டித் தீர்த்தவர்கள் அன்றிரவு ‘அந்த 5 கோடி இதற்காகத்தான்’ என்று சொல்லிக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு ஆம்ஸ்டர்டாமில் பென்ஃபிகாவுக்கு எதிரான இறுதிப் போட்டியிலும் கோல்கீப்பரைச் சுற்றிப் போய்த்தான் அடித்தார். செய்த காரியம் மூன்று முறையும் ஒன்றுதான்.

மொத்தக் கணக்கு இது: லிவர்பூலில் 142 ஆட்டங்களில் 81 கோல். செல்சியில் 172 ஆட்டங்களில் 45. மழை பொய்த்ததா, தாமதமாகப் பெய்ததா? இரண்டும் உண்மைதான் என்பதால்தான் இந்தச் சொல் சிக்கலாகிறது.

ஆகவே என் முன்மொழிவு: தேறா வரவு.

நோயாளி தேறுகிறார், மாணவர் தேறுகிறார், கூட்டிக் கழித்தால் கையில் நூறு ரூபாய் தேறும் என்கிறோம். காயத்திலிருந்து மீள்வது, தகுதியை நிறுவுவது, கொடுத்ததற்கு ஈடாக ஏதேனும் மிஞ்சுவது என்று இந்த வீரரிடம் ரசிகர் எதிர்பார்க்கும் மூன்றும் ஒரே வினைக்குள் அடங்கிவிடுகின்றன. ரசிகரின் மனம் மாறும்போது வினையும் கூடவே மாறும். ஆகஸ்டில் தேறுவார். நவம்பரில் தேறவில்லை. பிப்ரவரியில் தேறமாட்டார். மே மாதத்தில், அதிர்ஷ்டம் இருந்தால், தேறிவிட்டார்.

‘தேறா’ என்ற வடிவத்தை வேண்டுமென்றேதான் எடுத்தேன். ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் (‘தேறாத’ என்பதன் கடைசி எழுத்து குறைந்த வடிவம்) காலம் காட்டாது என்பது இங்கே புலவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இதுவரை தேறாதவர், இப்போது தேறாதவர், இனியும் தேறாதவர் என்று படிப்பவர் தம் கட்சிக்கு ஏற்பப் பொருள் கொள்ளலாம். ‘ஃபிளாப்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கே இந்த வசதி கிடையாது. பின்னால் வகரம் வருவதால் ஒற்று மிகுமா மிகாதா என்ற சண்டையும் இல்லை. இந்தக் குழுவில் அது சிறிய லாபம் அன்று.

> இதெல்லாம் அந்தக் காலம். இன்றைய ரசிகர்கள் ஒரு மாதத்தில் முடிவுகட்டிவிடுகிறார்கள்.

முடிவு கட்டுகிறார்கள் தம்பி, பிறகு தாங்களே அவிழ்க்கிறார்கள். 2023இல் ஆர்சனல் சுமார் 6.5 கோடி பவுண்டுக்குக் காய் ஹாவர்ட்ஸை வாங்கியது. முதல் வாரங்களில் கோலே இல்லை. செப்டம்பர் 30 அன்று போர்ன்மவுத் ஆட்டத்தில் ஒரு பெனால்டியைச் சக வீரர்களே அவருக்கு விட்டுக்கொடுத்தார்கள். இரக்கப்பட்டுக் கொடுத்த பந்து என்று கேலியும் எழுந்தது. அந்தப் பருவம் முடிவதற்குள் ஆர்சனல் ரசிகர்கள், ஆறு கோடி சாக்கடையில் போனது, ஹாவர்ட்ஸ் மறுபடி கோல் அடித்தார் என்ற பொருளில் ஒரு பாட்டையே கட்டிப் பாடினார்கள். வசையையும் வாழ்த்தையும் ஒரே மூச்சில் வைத்திருக்கிறார்கள். வஞ்சப்புகழ்ச்சிக்கு இதைவிடச் சுத்தமான எடுத்துக்காட்டை நான் வகுப்பறையில்கூடக் கேட்டதில்லை.

தலைப்புச் செய்தியில் ‘ஃபிளாப்’ என்றே போடுகிறவர்களை நான் தடுக்கப் போவதில்லை. கலைச்சொல் பட்டியலில் மட்டும் இப்படி எழுதுவேன்: தேறா வரவு; அதற்கு எதிராகத் தேறிய வரவு; இன்னும் தீர்ப்புச் சொல்லாத நிலையில் வெறும் புதுவரவு.

ஒரே ஒரு பதிவில் தயக்கம் இருக்கிறது. டோரஸை விற்ற அதே நாளில் லிவர்பூல் 3.5 கோடி பவுண்டுக்கு வாங்கிய ஆண்டி கரோலைத் தேறா வரவுக்கு எடுத்துக்காட்டாகப் போட்டிருக்கிறேன். லிவர்பூல் ரசிகர் எவரேனும் இங்கே இருந்தால், இங்கிலாந்தின் 2012 எஃப்.ஏ. கோப்பை அரையிறுதியில் எவர்ட்டனுக்கு எதிராக அவர் தலையால் முட்டிய வெற்றிக் கோலைக் காட்டிச் சண்டைக்கு வரலாம். வெள்ளிக்கிழமை மாலை வரை பட்டியலை அனுப்பாமல் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
கேள்வி கேட்டவன்