புது ஓ.எஸ். போட்டதும் லேப்டாப் எழ மறுத்த கதைகள்

என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்புறம் நீங்கள் உங்களுடையதைச் சொல்லுங்கள்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிகிறது என்று தெரிந்ததுமே என் பழைய லேப்டாப்பை என்ன செய்வது என்ற யோசனை வந்துவிட்டது. அதில் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் கிடையாது, விண்டோஸ் 11 அதைச் சீண்டாது. மெஷின் நன்றாகத்தான் ஓடுகிறது, தூக்கிப் போட மனம் வரவில்லை. ஃபைல்களையெல்லாம் வெளி ஹார்ட் டிஸ்கில் எடுத்து வைத்துவிட்டு, உள்ளே இருந்ததை முழுக்க அழித்து டெபியன் 13 என்ற லினக்ஸைப் போட்டேன். ஒரு தடங்கலும் இல்லை. பென்டிரைவைக் கழற்றிவிட்டு ரீஸ்டார்ட் கொடுத்தேன். கம்பெனி லோகோ வந்தது, போனது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரே வரி: பூட் செய்ய எந்தச் சாதனமும் இல்லை, ஹார்ட் டிஸ்கில் ஓ.எஸ். போடவும்.

இப்போதுதானே போட்டேன்!

அன்று ராத்திரி நான் அடித்த கூத்தை மறைக்காமல் சொல்கிறேன். பென்டிரைவ் சரியில்லை என்று நினைத்து வேறொன்றில் எழுதி மறுபடி போட்டேன். இன்ஸ்டால் செய்ய இறக்கிய ஐஎஸ்ஓ ஃபைல் அரைகுறையாக இறங்கியிருக்குமோ என்று திரும்ப டவுன்லோடு செய்து, ஃபைல் சரிதானா என்று காட்டும் ஷா256 எண்ணை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு இன்னொரு முறை போட்டேன். அதற்கப்புறமும் ஒரு முறை போட்டேன். ஏன் என்று எனக்கே தெரியாது. முதலில் போட்டதோடு சேர்த்து நான்கு. நான்கு தடவையும் அதே ஒற்றை வரி.

விடிகிற நேரத்தில் கை ஓய்ந்துபோய்த்தான் புத்தி வந்தது. பென்டிரைவிலிருந்தே ரெஸ்க்யூ மோடில் நுழைந்து டிஸ்கைத் திறந்து பார்த்தேன். எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது. பூட் ஃபைல்களுக்கென்றே உள்ள இஎஃப்ஐ பார்ட்டிஷனுக்குள் டெபியன் பெயரில் ஒரு ஃபோல்டர், அதற்குள் லினக்ஸை எழுப்பும் பூட்லோடரான க்ரப்பின் ஃபைல்கள், ஒன்றும் குறையவில்லை. பூட் பட்டியலைக் காட்டும் கமாண்டைக் கொடுத்தால் அந்தப் பட்டியலில்தான் டெபியனைக் காணோம். நானே கையால் சேர்த்தேன். பட்டியலில் ஏறியது. ரீஸ்டார்ட் செய்துவிட்டு வந்து பார்த்தால் மறுபடி மாயம்.

விஷயம் இதுதான். யூஇஎஃப்ஐ (லேப்டாப் எழும்போது முதலில் ஓடும் மென்பொருளான பயாஸின் புது வகை) உள்ள லேப்டாப்பில் ஓ.எஸ். போடும்போது, மதர்போர்டில் இருக்கும் சின்ன மெமரியில் 'என்னை இந்த இடத்தில் வந்து எழுப்பு' என்று ஒரு குறிப்பு எழுதப்படும். என் லேப்டாப்பின் பயாஸ் அந்தக் குறிப்பை மதிப்பதில்லை. ஒவ்வொரு ரீஸ்டார்ட்டிலும் துடைத்துவிடுகிறது. அதற்குத் தெரிந்தது இரண்டே வாசல். ஒன்று, விண்டோஸின் பூட் ஃபைல் வழக்கமாக இருக்கும் இடம். இன்னொன்று, பென்டிரைவ் மாதிரியானவற்றுக்கென்று வைத்த பொது இடம், அதாவது இஎஃப்ஐ ஃபோல்டருக்குள் பூட் ஃபோல்டர், அதற்குள் பூட்எக்ஸ்64 என்ற ஃபைல். டெபியன் இந்த இரண்டு வாசலிலும் நிற்கவில்லை. தனக்கென்று தனி ஃபோல்டர் போட்டு ஒழுங்காக உட்கார்ந்திருந்தது. ஒழுங்காக இருந்ததுதான் குற்றம்.

இதற்கு டெபியன்காரர்களே வழி வைத்திருக்கிறார்கள். ரெஸ்க்யூ மோடு மெனுவிலேயே, க்ரப்பை அந்தப் பொது இடத்தில் கட்டாயமாகப் போடு என்று ஒரு வரி உண்டு. அதைத் தேர்ந்தெடுத்தேன். இரண்டு நிமிடம் ஆகவில்லை, ரீஸ்டார்ட் கொடுத்ததும் எழுந்தது. அந்த மெனு வரி ராத்திரி முழுக்க அதே பென்டிரைவில்தான் இருந்தது என்பதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

*

நண்பரே, உங்களுக்காவது காலி டிஸ்க். நான் கை வைத்தது என் தங்கையின் லேப்டாப்பில்.

அவளுக்குப் படிப்புக்காக லினக்ஸ் வேண்டும், விண்டோஸும் இருக்க வேண்டும். விண்டோஸுக்குள் இருந்தபடியே 60 ஜிபி இடம் ஒதுக்கிவிட்டு பென்டிரைவில் உபுண்டு என்ற லினக்ஸைக் கிளப்பினேன். இன்ஸ்டாலர் என் பென்டிரைவை மட்டும் காட்டுகிறது, உள்ளே இருக்கும் எஸ்எஸ்டி அதன் கண்ணிலேயே படவில்லை. பயாஸில் ஸ்டோரேஜ் மோடு, அதாவது டிஸ்கோடு பேசும் முறை, ஆர்எஸ்டி என்று இருந்தது. அதை ஏஹெச்சிஐ என்று மாற்றினேன். கையோடு, முறையான கையெழுத்துள்ள பூட் ஃபைல்களை மட்டும் ஏற்கும் செக்யூர் பூட்டையும் அணைத்தேன் (அதை அணைக்க வேண்டிய அவசியமே இல்லை, உபுண்டுவுக்கு முறையான கையெழுத்து உண்டு, அது அப்புறம்தான் தெரிந்தது). இப்போது எஸ்எஸ்டி தெரிந்தது, இன்ஸ்டால் முடிந்தது, உபுண்டு அழகாக எழுந்தது. தங்கையைக் கூப்பிட்டு, விண்டோஸும் வருகிறது பார் என்று பெருமையாகத் தேர்ந்தெடுத்தேன்.

நீலத் திரை. டிஸ்கை யாரும் படிக்க முடியாமல் பூட்டும் பிட்லாக்கர் ரெகவரி கீ கேட்கிறது, 48 இலக்கம்.

"என்னண்ணா இது?" என்றாள். பிட்லாக்கர் போட்டிருந்ததே அவளுக்குத் தெரியாது. புது லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டோடு உள்ளே நுழைந்தாலே அது தானாக இயங்கிவிடுவது உண்டு. நல்ல வேளை, கீயும் அந்த அக்கவுண்டிலேயே சேமித்திருந்தது. போனில் திறந்து அவள் ஆறு ஆறு இலக்கமாகப் படிக்க, நான் தட்டினேன். எட்டாவது ஆறையும் தட்டி முடித்து என்டர் கொடுத்ததும் இன்னொரு நீலத் திரை, இந்த முறை 'இன்அக்சஸிபிள் பூட் டிவைஸ்'. தங்கை ஒன்றும் பேசவில்லை. பேசியிருந்தால்கூடத் தேவலை.

காரணம் சுலபம்தான். விண்டோஸ் ஆர்எஸ்டி மோடில் போடப்பட்டது. எழும்போதே எந்த டிரைவரை ஏற்ற வேண்டும் என்று அதற்குள் பதிந்திருக்கிறது. நான் கதவை மாற்றிவிட்டேன், அதன் கையில் பழைய சாவி.

சரிசெய்த விதம்: பயாஸில் மறுபடி ஆர்எஸ்டிக்கே போனேன். விண்டோஸ் எழுந்தது. உள்ளே போய் பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தேன். பிறகு அட்மின் கமாண்ட் பிராம்ப்ட்டில் பிசிடிஎடிட் என்ற கமாண்ட் மூலம், அடுத்த முறை சேஃப் மோடில் எழு என்று சொல்லிவிட்டு ரீஸ்டார்ட் செய்து, பாதியிலேயே பயாஸுக்குள் நுழைந்து ஏஹெச்சிஐக்கு மாற்றினேன். சேஃப் மோடில் எழும்போது விண்டோஸ் தேவையான டிரைவரைத் தானே ஏற்றிக்கொள்கிறது. அப்புறம் அந்த சேஃப் மோடு கட்டளையை நீக்கிவிட்டால் போதும். ஒரு எச்சரிக்கை: சேஃப் மோடில் எங்களுக்குப் பின் எண் வேலை செய்யவில்லை, முழு பாஸ்வேர்டு கேட்டது. அதுவும் தங்கைக்கு மறந்திருந்தது. அந்தக் கதை வேண்டாம்.

*

என்னுடையது சின்னது. உபுண்டு போட்டேன், க்ரப் மெனு வந்தது, தேர்ந்தெடுத்தேன், திரை இருண்டது. அவ்வளவுதான். செத்துவிட்டது என்றே நினைத்தேன். சும்மா கேப்ஸ்லாக்கை அழுத்திப் பார்த்தேன். விளக்கு எரிந்தது. மறுபடி அழுத்தினேன், அணைந்தது. அப்படியென்றால் உள்ளே ஓ.எஸ். உயிரோடுதான் இருக்கிறது, முகம் காட்டத்தான் தெரியவில்லை.

தனி கிராஃபிக்ஸ் கார்டு உள்ள லேப்டாப்களில் இது வரும். க்ரப் மெனுவில் 'இ' எழுத்தை அழுத்தினால் பூட் வரிகள் திறக்கும். 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசியில் நோமோட்செட் என்று சேர்த்து எஃப்10 அழுத்தினேன். மங்கலான ரெசொல்யூஷனில் திரை வந்தது. உள்ளே போய்ச் சரியான டிரைவரைப் போட்ட பிறகு நோமோட்செட் தேவைப்படவில்லை. அங்கே சேர்ப்பது அந்த ஒரு தடவைக்கு மட்டும்தான், அதனால் பயமில்லாமல் முயலலாம்.

*

முதல் கதை எழுதியவன்தான். கேப்ஸ்லாக் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, அருமை. தங்கை கதை படித்துச் சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். இப்போது பேசுகிறாரா?

*

பேசுகிறாள். லேப்டாப்பைத்தான் என் கையில் தருவதில்லை.

*

செக்யூர் பூட் பேச்சு வந்ததால் ஒன்று சேர்க்கிறேன். நான் இரண்டு ஓ.எஸ். போட்டு ஒரு வருஷம் நிம்மதியாக இருந்தேன். 2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் பாதுகாப்பு அப்டேட்டுக்கு அப்புறம் லினக்ஸைத் தேர்ந்தெடுத்தால், ஏதோ பெரிய தவறு நடந்துவிட்டது, எஸ்பேட் சோதனை தோற்றது என்று இரண்டு வரி வந்து மெஷின் தானாக அணைந்தது. பழைய பூட் ஃபைல்களை இனி நம்பாதே என்ற எஸ்பேட் விதியை அந்த அப்டேட் பதித்துவைத்திருக்கிறது. என்னிடம் இருந்தது பழையது. செக்யூர் பூட்டை அணைத்து, லினக்ஸுக்குள் போய், மோக்யூடில் கமாண்டால் அந்த எஸ்பேட் விதியை நீக்கி, ஒரு முறை லினக்ஸிலேயே ரீஸ்டார்ட் செய்துவிட்டு, செக்யூர் பூட்டை மறுபடி போட்டேன். பூட் ஃபைல்களையும் புதுப்பித்துக்கொண்டேன். பிட்லாக்கர் வைத்திருப்பவர்கள் அணைக்கும் முன் கீயைத் தேடி எடுத்துவையுங்கள். மேலே ஒரு அண்ணன் பட்டது போதும்.

*

எனக்கு நடந்தது பூட்லோடர் சமாச்சாரமே இல்லை. ஏற்கெனவே லினக்ஸ்தான் வைத்திருந்தேன். பக்கத்தில் இன்னொரு லினக்ஸையும் போட்டுப் பார்க்கலாம் என்ற ஆசை. போடும்போது படங்கள் வைத்திருந்த தனிப் பார்ட்டிஷனைக் காலி செய்து, ஃபார்மேட்டும் அடித்தேன். புதுசு நன்றாக வேலை செய்தது. பழையது மட்டும் பாதியில் நின்றது. ஒரு சிவப்பு நட்சத்திரம் இடமும் வலமுமாக ஓடுகிறது. பக்கத்தில், ஒரு டிஸ்குக்காகக் காத்திருக்கிறேன், 1 நிமிடம் 30 விநாடியில் 12 விநாடி ஆயிற்று என்று எண்ணிக்கை.

நான் என்ன செய்தேன்? நாற்பது விநாடி வந்ததும் பொறுமை போய் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தேன். இப்படியே ஐந்தாறு தடவை. ஒரு தடவை போன் வந்து எழுந்து போய்விட்டேன். திரும்பி வந்தால் எண்ணிக்கை முடிந்து எமர்ஜென்சி மோடு வந்து எனக்காகக் காத்திருந்தது. நான் காத்திருக்காததால்தான் அதுவரை அது வரவே இல்லை.

ஃபார்மேட் செய்தால் பார்ட்டிஷனின் அடையாள எண்ணான யூயூஐடி மாறிவிடும். எழும்போது எந்தெந்த டிஸ்கைத் திறக்க வேண்டும் என்று பட்டியலிடும், பழைய லினக்ஸின் எஃப்எஸ்டேப் ஃபைலில் பழைய யூயூஐடிதான் இருந்தது. இல்லாத ஆளை வாசலில் நின்று கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. பிஎல்கேஐடி கமாண்டில் புது எண்ணைப் பார்த்து, எஃப்எஸ்டேப்பில் மாற்றி எழுதினேன். நோஃபெயில் என்ற வார்த்தையையும் சேர்த்தேன். அது இருந்தால் அந்த டிஸ்க் வராவிட்டாலும் மற்றதெல்லாம் எழுந்துவிடும்.

*

நான் மற்றவர்களுக்கு லேப்டாப் பார்த்துக் கொடுப்பவன். ஓ.எஸ். போட்டேன், எழவில்லை என்று யார் வந்தாலும் நான் முதலில் செய்வது லைவ் பென்டிரைவில் (இன்ஸ்டால் செய்யாமலே அதிலிருந்து ஓடும் ஓ.எஸ்.) கிளப்பி ஃபைல்களை வெளியே எடுப்பதுதான். எடுத்த பிறகுதான் ரிப்பேர். பல பேர் வரும்போதே, 'எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா போட்டுடுங்க சார்' என்பார்கள். ஃபைலெல்லாம் என்றால், 'அதான் போயிடுச்சே' என்பார்கள். போயிருக்காது. அதை நம்பவைப்பதற்குள் பாதி நேரம் போய்விடும். சில சமயம் ஓ.எஸ். மேலே தப்பே இருக்காது. ஏற்கெனவே தேய்ந்த டிஸ்க், அத்தனை ஜிபியை ஒரே மூச்சில் எழுதியதும் படுத்துவிட்டிருக்கும். டிஸ்கின் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட் ரிப்போர்ட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஆனால் நான் மறக்காதது ஒரு பெரியவர் கொண்டுவந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், தானே லினக்ஸ் போட்டுக்கொண்டவர். போட்ட நாளிலிருந்து ஏழெட்டு மாதம் ஒரு குறையும் இல்லை, திடீரென்று எழவில்லை என்றார். லைவில் கிளப்பிப் பார்த்தேன். உள்ளே எல்லாம் சரி. இஎஃப்ஐ பார்ட்டிஷனும் இருக்கிறது, ஆனால் அதற்குள் க்ரப்பின் சுவடே இல்லை. அது இல்லாமல் ஏழெட்டு மாதம் எப்படி ஓடும்?

கடைசியாக என்ன மாற்றினீர்கள் என்றேன். ஒன்றும் மாற்றவில்லையே என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "பேரன் அந்தப் பென்டிரைவில் படம் போட்டுக்கொண்டான், அவ்வளவுதான்" என்றார்.

எந்தப் பென்டிரைவ்?

அதுதான் சார், லேப்டாப் சாவி.

இன்ஸ்டால் செய்யும்போது பூட்லோடரை எங்கே எழுதுவது என்று கேட்ட இடத்தில், செருகியிருந்த இன்னொரு பென்டிரைவைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். ஓ.எஸ். முழுக்க உள்ளே, அதை எழுப்பும் க்ரப் மட்டும் வெளியே. பென்டிரைவைச் செருகினால் எழுகிறது, கழற்றினால் எழவில்லை. லினக்ஸ் என்றால் பாதுகாப்பு அதிகம் என்று கேள்விப்பட்டிருக்கிறார், இதுவும் அதில் சேர்த்தி என்று எடுத்துக்கொண்டார். தினமும் வேலை முடிந்ததும் கழற்றிப் பீரோவில் வைத்துப் பூட்டுவாராம். பேரன் ஃபார்மேட் அடித்ததும் சாவி போய்விட்டது.

உள் டிஸ்கிலேயே க்ரப்பைப் போட்டுக் கொடுத்தேன், பத்து நிமிட வேலை. இனிமேல் பென்டிரைவ் வேண்டாம், தானாக எழும் என்று காட்டினேன். இரண்டு தடவை அணைத்து எழுப்பிப் பார்த்தார். முகம் வாடிவிட்டது. "அப்போ யார் வேணா திறக்கலாமா?" என்றார். பயாஸில் ஒரு பாஸ்வேர்டு போட்டுக் கொடுத்த பிறகுதான் கிளம்பினார்.