ரீட்ரை எல்லாம் செத்த ஐபிக்கே போகுது, டிடிஎல் குறைச்சும் மாறல

கேள்வி:
ஜாவா சர்வீஸ், ஜிஆர்பிசி-ல (நெட்வொர்க் வழியா இன்னொரு புரோகிராமோட ஃபங்ஷனைக் கூப்பிடுற முறை) இன்னொரு சர்வீஸைக் கூப்பிடுது, ரெண்டும் குபர்நெட்டிஸ்லதான், ஹெட்லெஸ் சர்வீஸ் (பேரைக் கேட்டா ஒவ்வொரு பாட்-ஓட ஐபியையும் நேரா குடுக்கும், பாட்னா சர்வீஸோட ஒரு காப்பி ஓடுற இடம்) பேரை வச்சு டிஎன்எஸ் மூலமா போகுது. சாதாரண டிப்ளாய்ல பாட் ஐபி மாறினாலும் கிளையன்ட் தானா புது ஐபிக்குப் போயிடுது. ஆனா நோடே (பாட் ஓடுற மெஷினே) பொசுக்குன்னு போச்சுன்னா கிட்டத்தட்ட கால் மணி நேரம் டெட்லைன் எக்ஸீடட் (குடுத்த நேரத்துக்குள்ள பதில் வரலங்கிற எரர்)தான் வருது, ரீட்ரை, பேக்ஆஃப் எல்லாம் இருந்தும் அதே பழைய ஐபில போய் முட்டுது. ஜேவிஎம் டிஎன்எஸ் கேஷ் டிடிஎல்-ஐ (கிடைச்ச ஐபியை எவ்வளவு நேரம் ஞாபகம் வச்சுக்கணும்ங்கிறது) 30 செகண்ட்லேர்ந்து 5 ஆக்கியாச்சு, ம்ஹூம். பாட்குள்ள என்எஸ்லுக்அப் அடிச்சா புது ஐபி கரெக்டா வருது. ஒவ்வொரு ரீட்ரைக்கும் சேனலை (ஜிஆர்பிசி கனெக்ஷன் எல்லாத்தையும் வச்சிருக்குற ஆப்ஜெக்ட்) மூடி புதுசா தொறந்துடலாமா?

பேக்எண்ட்காரன்:
டிடிஎல்-ஐ விடுங்க, பேரை யாரும் திரும்பக் கேக்கவே இல்லையே. கனெக்ஷன் அறுந்தாதான் ஜிஆர்பிசி மறுபடி ரிசால்வ் பண்ணும். டிப்ளாய்ல பழைய பாட் கோஅவே (இந்தக் கனெக்ஷனை மூடப்போறேன்ங்கிற மெசேஜ்) அனுப்பி சொல்லிட்டுப் போகுது, நோடு செத்தா சொல்ல ஆளில்ல, லினக்ஸ் பாட்டுக்கு அதே பாக்கெட்டை திரும்பத் திரும்ப அனுப்பிட்டே இருக்கும். எத்தனை தடவைன்னு சொல்ற லினக்ஸ் செட்டிங் டிசிபி_ரீட்ரைஸ்2 டிஃபால்ட் 15, கணக்குப் போட்டா 924 செகண்ட் சொச்சம், உங்க கால் மணி நேரம் அங்கதான் போகுது. அடுத்த தடவை எஸ்எஸ் -டிஓ (கனெக்ஷன் லிஸ்ட் காட்டுற கமாண்ட்) அடிச்சுப் பாருங்க, பழைய ஐபி இன்னும் எஸ்டாப்ளிஷ்டுன்னு இருக்கும், சென்ட்-க்யூ (அந்தப் பக்கம் கிடைச்சுதுன்னு இன்னும் சொல்லாத டேட்டா) ஜீரோ ஆகாம நிக்கும். கிளையன்ட்ல கீப்அலைவ்டைம் (அந்தப் பக்கம் உயிரோட இருக்கான்னு எவ்வளவு நேரத்துக்கு ஒரு தடவை பிங் அடிக்கணும்ங்கிறது) வைங்க, ஜிஆர்பிசி ஜாவால அது டிஃபால்ட்டா ஆஃப்.

ராத்திரி டியூட்டி:
அதுக்குன்னு 10 செகண்ட்னு வச்சுடாதீங்க, சர்வர் பக்கம் பெர்மிட்கீப்அலைவ்டைம் (ரெண்டு பிங்குக்கு நடுவுல விடவேண்டிய கொறஞ்ச இடைவெளி) டிஃபால்ட் 5 நிமிஷம், அதுக்கு முன்னாடி முன்னாடி பிங் அடிச்சா டூ மெனி பிங்ஸ்னு கனெக்ஷனையே வெட்டிடும், அப்புறம் அதுக்கு இங்க தனியா ஒரு கேள்வி போடுவீங்க 😄 ரெண்டு பக்கமும் சேத்து மாத்துங்க.

கேட்டவர்:
ஸ்டேஜிங்ல நோடை ஆஃப் பண்ணிப் பாத்தேன், எஸ்டாப்ளிஷ்டு, சென்ட்-க்யூ ஏறிட்டே இருக்கு, அதேதான். அப்ப சேனலை மூடுறது வேணாமா?

பேக்எண்ட்காரன்:
வேணாம், மத்த பாட்-க்கு நல்லா ஓடிட்டு இருக்குற ரிக்வெஸ்ட்டையும் சேத்து அடிச்சுடுவீங்க. அதோட டெட்லைன் எக்ஸீடட்னா அந்தப் பக்கம் வேலை நடக்கலன்னு அர்த்தம் இல்ல, புது ஐபிக்கு ரீட்ரை போறப்ப பேமெண்ட் மாதிரி ரிக்வெஸ்ட்டுக்கு ரிக்வெஸ்ட் ஐடி (ஏற்கனவே வந்ததுதான்னு சர்வர் கண்டுபிடிக்க) இல்லன்னா ரெண்டு தடவை காசு போயிடும், மொதல்ல அதைப் பாருங்க.