நாற்றுப் பைக்குப் போகும் கரி: ‘ஊறுகரி’ எனலாமா?

அன்புள்ள கலைச்சொல் குழுமத்தாருக்கு,

மண்ணில் சேர்ப்பதற்காக மரக்கழிவு, உமி போன்றவற்றை வேகவைத்து எடுக்கும் கரியான ‘பயோசார்’ என்பதற்குத் தமிழில் உயிரிக்கரியா, மண்கரியா என்று நம் குழுமத்தில் நடக்கும் விவாதத்தில் எனக்குப் பெரிய பிடிவாதம் இல்லை. ‘மண்கரி’ என்றால் பாதிப் பேர் நிலக்கரி என்று நினைப்பார்கள். ‘உரக்கரி’ என்றால் அதையே உரமென்று நம்பித் தொழுஉரத்தை நிறுத்திவிடுவார்கள். உயிரிக்கரி ஏற்கெனவே புழங்குகிறது; இருந்துவிட்டுப் போகட்டும். நாற்றுப் பண்ணைக்கு வேண்டியது இன்னொரு சொல்: ஊட்டம் ஏற்றிய பிறகு அந்தக் கரிக்கு என்ன பெயர்?

அந்தச் சொல் இல்லாததால் வரும் வினையைப் பாருங்கள். காங்கேயம், பொள்ளாச்சிப் பக்கம் தொட்டிக்கரிக்கு (தேங்காய்ச் சிரட்டைக் கரி) பஞ்சமில்லை. சீமைக்கருவேலக் கரிமூட்டத்தில் மிஞ்சும் தூளும் கிடைக்கிறது. கரி போட்டால் வேர் நன்றாக ஓடும் என்று கேள்விப்பட்டவர், தூளை அப்படியே செம்மண்ணோடும் மணலோடும் கலந்து பையில் நிரப்பிவிடுகிறார். மலைவேம்பு நாற்று வெளிறி மஞ்சளடிக்கிறது. காற்று அதிகம் படாமல் சுமார் 350 முதல் 700 டிகிரி செல்சியஸில் வெந்த கரி முழுக்க நுண்துளை. அது வெறும் வயிற்றோடு பைக்குள் போனால், நாற்றுக்குச் சேர வேண்டிய தழைச்சத்தைத் தானே பிடித்து வைத்துக்கொள்ளும். போதாக்குறைக்குக் கரி பெரும்பாலும் காரத்தன்மை உடையது; நம் பக்கத்து உப்புக் கிணற்று நீரும் சேர்ந்தால் இரும்புச்சத்தும் வேருக்கு எட்டாது.

அதே கரியை, கட்டுத்தரையில் பிடித்த கோமியத்தை நீர்க்கவிட்டு அதில் நனைத்து, மட்கிய எருவோடு புரட்டி இரண்டு மூன்று வாரம் மூடிவையுங்கள். பிறகு கலவையில் பத்தில் ஒரு பங்குக்கு மிகாமல் சேர்த்துப் பாருங்கள். நடவுக்கு எடுக்கும்போது பையைக் கிழித்தோ, பைக்குப் பதில் வேர்க்குழாயில் (நாற்று வளர்க்கும் நெகிழிக் குழாய்) வளர்த்திருந்தால் அதைத் தட்டியோ நாற்றை உருவினால், வெள்ளைச் சல்லிவேர்கள் கருந்துணுக்குகளைக் கவ்விக்கொண்டிருக்கும். ஈரம் தங்குகிற இடம் வேருக்குத் தெரியும். (பையின் அடியில் வேர் சுருள்வதைக் கரி தடுக்காது. அது வேர்க்குழாயின் வேலை. இரண்டையும் குழப்பி விற்கிறார்கள்.)

ஆங்கிலத்தில் இதை ‘சார்ஜ்’ செய்வது என்கிறார்கள். ஒரு கையேட்டு வரைவில் ‘மின்னேற்றிய கரி’ என்றே எழுதியிருந்தது! ‘ஊட்டமேற்றிய தொழுஉரம்’ என்று வேளாண் துறையில் நெடுநாளாக வழங்குவதால், ‘ஊட்டமேற்றிய கரி’ என்பது அறிக்கைக்குப் பொருந்தும். ஆனால் சாக்கின்மேல் எழுத நீளம், செய்முறையையும் சொல்லாது. என் பரிந்துரை: ஊறவைத்தது ஊறுகரி, ஊறாதது வெறுங்கரி.

சத்தியமங்கலத்து நாற்றுக்காரன்

*

ஐயா, வணக்கம்.

வினைத்தொகை அழகாக இருக்கிறது. ஆனால் ‘ஊறு’ என்றால் தீங்கு என்றும் பொருள் உண்டே? ‘ஊறு விளைக்கும் கரி’ என்று படித்துவிட மாட்டார்களா? ‘உமிக்கரி’போல மூலப்பொருளை வைத்துப் பெயரிடுவதுதானே வழக்கம்?

கோபியிலிருந்து

*

அம்மணி,

ஊறுகாயைத் தீங்குக்காய் என்று யாரும் ஒதுக்கவில்லையே! மூலப்பொருள் பெயர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உமிக்கரியையும் ஊறவைக்கலாம், தொட்டிக்கரியையும் ஊறவைக்கலாம். எதிலிருந்து வந்தது என்பதை முன்னொட்டு சொல்லட்டும். பைக்குள் போகத் தயாரா என்பதை ‘ஊறு’ சொல்லட்டும். எனக்கிருக்கும் தயக்கம் வேறு: கரியை வெறும் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டு ஊறுகரி என்று விற்பார்கள். ஆகவே கலைச்சொல் பட்டியலில் சேர்க்கும்போது, ‘எரு அல்லது கோமியத்தில் ஊறி, ஊட்டம் ஏறிய உயிரிக்கரி’ என்ற விளக்கத்தையும் சேர்த்தே பதியுங்கள். மேட்டுப்பாளையம் வனக் கல்லூரிப் பக்கம் இருக்கும் உறுப்பினர்கள் அங்கே என்ன சொல் வழங்குகிறது என்று கேட்டு எழுதினால், அதையும் பார்த்துவிட்டு முடிக்கலாம்.

சத்தியமங்கலத்து நாற்றுக்காரன்