சுகரோடு விமானம் ஏறுகிறவர்களே, சென்னைப் பாலிசியை விட்டுவிட்டுப் போகாதீர்கள்

அமெரிக்காவுக்குக் கிளம்புகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அண்ணே, எனக்கு சுகர் இருக்கு, அங்கே இன்சூரன்ஸ் கிடைக்குமா?" கிடைக்கும். 2014 ஜனவரி 1 முதல், அங்கே புதிதாக எடுக்கும் முழு மருத்துவக் காப்பீடு எதிலும் பழைய நோயைக் காட்டி ஆளை மறுக்கவோ, ப்ரீமியத்தை ஏற்றவோ, அந்த நோய்க்கு மட்டும் பணம் இல்லை என்று சொல்லவோ முடியாது. வேலையோடு போகிறவர்களுக்கு இது பெரிய கவலையே இல்லை. நான் கோட்டைவிட்டது நியூ ஜெர்சியில் இல்லை, நங்கநல்லூரில்.

2012-ல் இங்கே ஒரு பாலிசி எடுத்தேன். 2016-ல் கிளம்பும்போது, "அங்கேதான் கம்பெனி பார்த்துக்கொள்ளுமே, இதற்கு எதற்கு வருஷா வருஷம் தண்டம்" என்று நிறுத்திவிட்டேன். முன்பே இருக்கும் நோய்க்கு முதல் சில வருடம் பணம் தர மாட்டார்கள், அதற்குத்தான் காத்திருப்பு என்று பெயர்; சுகருக்கான அந்த 4 வருடக் காத்திருப்பு முடிந்து, அந்தப் பாலிசி நிஜமாகவே உதவ ஆரம்பித்த வருடம் அது. 2021-ல் அம்மாவுக்காகத் திரும்பி வந்தோம். புதுப் பாலிசி எடுத்தேன், காத்திருப்பும் முதலிலிருந்து. இருபத்தாறாவது மாதம் நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். சுகர் முன்பே இருந்தது, இதயக் கோளாறு அதன் தொடர்ச்சி என்று சொல்லி, பில்லை இன்சூரன்ஸ் நிறுவனமே நேரடியாகக் கட்டும் கேஷ்லெஸ்ஸை மறுத்துவிட்டார்கள். நான் உள்ளே படுத்திருக்க, மனைவி பில்லிங் கவுண்டரில் மூன்று கார்டுகளை மாற்றி மாற்றித் தேய்த்துக் கட்டினாள். 3 லட்சத்துக்கும் மேல். பழைய பாலிசியை ஓட்டியிருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது.

இப்போது விதி கொஞ்சம் இளகியிருக்கிறது. 2024 ஏப்ரலில் இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. இந்தக் காத்திருப்பின் உச்சவரம்பை 4 வருடத்திலிருந்து 3 ஆகக் குறைத்தது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஹெல்த் பாலிசிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் இல்லை. ஆனால் நடுவில் விட்டால் கழித்த வருடங்கள் போச்சு என்பது மட்டும் மாறவில்லை. வருட ப்ரீமியத்துக்கு 30 நாள் சலுகைக் காலம் உண்டு, அதற்குள் கட்டிவிட வேண்டும்.

நிறையப் பேர் வேண்டுமென்றே விடுவதில்லை. ரெனீவல் மெசேஜ் பழைய சென்னை நம்பருக்குப் போகும். அந்த சிம் ரீசார்ஜ் இல்லாமல் எப்போதோ செத்திருக்கும். கிளம்பும் முன் பாலிசியில் இமெயிலை மாற்றுங்கள், என்.ஆர்.ஓ. கணக்கிலிருந்து (வெளிநாட்டில் இருப்பவர்கள் இங்கே வைத்துக்கொள்ளும் ரூபாய்க் கணக்கு) தானாகப் பணம் போகும்படி வையுங்கள்.

சொந்தப் பாலிசியே இல்லை, சென்னைக் கம்பெனியின் குரூப் பாலிசி மட்டும்தான் என்றால், ராஜினாமா கடிதம் கொடுத்த வாரமே ஹெச்.ஆரிடம் பேசுங்கள். அதே இன்சூரன்ஸ் நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறிக்கொள்ள வழி உண்டு. குரூப்பில் கழிந்த காலமும் காத்திருப்பில் கணக்காகும். கடைசி நாள் கேக் வெட்டி முடித்த பிறகு கேட்டால் யாரும் போன் எடுக்க மாட்டார்கள்.

புதிதாக எடுக்கிறவர்களிடம் சில ஏஜென்டுகள், "சுகர்னு போடாதீங்க சார், ப்ரீமியம் ஏறும்" என்பார்கள். போடுங்கள். தொடர்ந்து 5 வருடம் கட்டிவிட்டால், மோசடி என்று நிரூபித்தாலொழிய, அப்போது சொல்லவில்லை இப்போது சொல்லவில்லை என்று க்ளெய்மை மறுக்க முடியாது. அதற்கு முன்னால் மாட்டினால், அந்த ஏஜென்ட் உங்களோடு ஆஸ்பத்திரிக்கு வரப்போவதில்லை.

சரி, அமெரிக்காவில் இறங்கியதும். வேலையில் சேர்ந்தவுடன் காப்பீட்டைத் தேர்ந்தெடுக்கச் சில வாரங்கள்தான் தருவார்கள், பெரும்பாலும் 30 நாள். வீடு தேடும் அமளியில் அதைத் தவறவிட்டால் அடுத்த வருடத் தேர்வுக் காலம் வரை இழுக்கும். சில கம்பெனிகளில் காப்பீடு தொடங்கவே நாளாகும், சட்டப்படி அதிகபட்சம் 90 நாள். அந்த இடைவெளிக்கு வாங்கும் பயணக் காப்பீடு பழைய நோயைப் பெரும்பாலும் தொடாது. அதனால் மூன்று மாத மாத்திரையோடு போங்கள். மருந்துச் சீட்டில் பிராண்டு பெயரோடு மருந்தின் பெயரையும் டாக்டரை எழுதச் சொல்லுங்கள். அப்படி எழுதியும் ஒரு குழப்பம் வரும்: மனைவியின் ஆஸ்துமா இன்ஹேலரில் இங்கே சால்பியூட்டமால் என்று இருந்தது, அங்கே பார்மசியில் அப்படி ஒன்று கிடையாது என்றார்கள். அதே மருந்துக்கு அங்கே பெயர் அல்பியூட்டரால். அரை மணி நேரம் நின்றோம்.

அப்பா அம்மாவைக் கூப்பிடும்போதுதான் உண்மையான சிக்கல். விசிட்டர் இன்சூரன்ஸ் மேலே சொன்ன 2014 சட்டத்தில் வராது. "பழைய நோயும் கவர்" என்று விளம்பரத்தில் இருந்தால் சின்ன எழுத்தைப் படியுங்கள்: திடீரென்று, எதிர்பாராமல் அது முற்றினால் மட்டும், அதுவும் பல பாலிசிகளில் 24 மணி நேரத்துக்குள் சிகிச்சைக்குப் போனால் மட்டும். மாதாந்திர செக்கப், டயாலிசிஸ் எல்லாம் கிடையாது. வயது ஏற ஏறத் தொகையும் சுருங்கும்.

கனடாவுக்கு சூப்பர் விசாவில் (பெற்றோர் நீண்ட நாள் வந்து தங்குவதற்கான விசா) அழைத்தால் குறைந்தது 1,00,000 கனடா டாலர் காப்பீடு கட்டாயம். அங்கே பல பாலிசிகள் நோய் குறிப்பிட்ட நாட்களுக்கு நிலையாக இருந்ததா என்று பார்க்கும். கிளம்பப் பத்து நாள் இருக்கையில் டாக்டர் அம்மாவின் பிரஷர் மாத்திரையை 25-லிருந்து 50 ஆக்கினால், அதையே நிலையில்லை என்று எடுத்துக்கொள்வார்கள். மாத்திரையைக் கூட்டித்தான் ஆக வேண்டும் என்று டாக்டர் சொன்னால் கூட்டுங்கள், டிக்கெட் தேதியைத் தள்ளிப்போடுங்கள். அம்மா திட்டுவார்கள், அதுவரைக்கும் ஊறுகாய் கெட்டுப்போகும் என்று.