கடாபிக்குப் பிறகு லிபியா: கவிழ்த்தது தப்பா?

கரிசல்காரன்: 42 வருஷம் ஆண்ட கடாபியை 2011 அக்டோபரில் சிர்த் நகரில் கொன்றார்கள். அப்புறம் ஊருக்கு ஊர் ஆயுதக்குழு. அவர் இருந்தவரை தெருவில் எவனும் துப்பாக்கியோடு திரியவில்லை. கவிழ்த்ததே தப்பு என்கிறேன்.

வெண்ணிலா: தெருவில் இல்லை, சரி. சிறைக்குள்? 1996இல் அபு சலீம் சிறையில் சுமார் 1,200 கைதிகளைச் சுட்டுக் கொன்றார்கள். அது தெரியாமல் பல குடும்பங்கள் வருஷக்கணக்கில் மகனுக்கென்று துணியும் சாப்பாடும் கொண்டுபோய்க் கொடுத்தன. காவலர்கள் வாங்கி வைத்துக்கொண்டார்கள். இந்த ஆட்சியையா அண்ணா கட்டிக்காத்திருக்க வேண்டும்?

கரிசல்காரன்: அந்தக் கொடுமையை நான் மறுக்கவில்லை. தவர்கா என்ற ஊருக்கு நடந்ததற்கு என்ன பதில்? 2011இல் கடாபி படை மிஸ்ராத்தா நகரை முற்றுகையிட்டபோது அந்த ஊர்க்காரர்கள் அதோடு சேர்ந்தார்கள் என்பது குற்றச்சாட்டு. செய்தவனைப் பிடித்து விசாரிக்கலாம். கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த, சுமார் 40,000 பேர் கொண்ட ஊரையே மிஸ்ராத்தா ஆயுதக்குழுக்கள் துரத்திவிட்டு வீடுகளைக் கொளுத்தின. கைக்குழந்தையா முற்றுகை போட்டது? அடிபட்ட கைதிகளைத் தேற்றிக் கொடுங்கள், மறுபடி விசாரிக்கணும் என்று மிஸ்ராத்தாவில் மருத்துவர்களிடமே கொண்டுவந்தார்கள். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு 2012 ஜனவரியில் அங்குள்ள தடுப்புக்கூடங்களில் வேலையை நிறுத்தியது இதனால்தான்.

பொன்னி: இரண்டு பேருமே பணத்தை விட்டுவிட்டீர்கள். கடாபி விழுந்ததும் அவரை எதிர்த்துச் சண்டை போட்ட குழுக்கள் கலைந்திருக்க வேண்டும். புதிய அரசோ எண்ணெய்ப் பணத்தில் அவர்களுக்குச் சம்பளம் போட்டது. உண்மையில் சண்டை போட்டவர்களைவிடப் பல மடங்கு பேர் போராளி என்று பெயர் பதிந்துகொண்டார்கள். சம்பளம் அமைச்சகத்திலிருந்து, உத்தரவு சொந்தத் தளபதியிடமிருந்து. 2013 அக்டோபரில் பிரதமர் அலி ஸைதானை ஓட்டலிலிருந்து தூக்கிப்போனதும் பெயரளவில் அரசின்கீழ் இருந்த ஒரு குழுதான். ஆயுதத்தை வைத்திருப்பதே வேலை என்றால் யார் கீழே வைப்பான்?

வெண்ணிலா: பொன்னி சொல்வதுதான் சரி. அண்ணா, லிபியர்கள் இதைப் பொறுத்துக்கொண்டு சும்மா இருக்கவுமில்லை. 2013 நவம்பரில் தலைநகர் திரிப்போலி மக்கள் வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து, வெள்ளைக் கொடியோடு மிஸ்ராத்தா குழுக்கள் தங்கியிருந்த கர்கூர் பகுதிக்கு நடந்தார்கள். மிஸ்ராத்தா குழுக்களே, ஊரைவிட்டுப் போங்கள் என்பதுதான் கோரிக்கை. அந்தக் குழுக்கள் சுட்டதில் 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்கள் பழைய ஆட்சியைத் திரும்பக் கேட்டுப் போகவில்லை.

கரிசல்காரன்: கேட்கவில்லைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அன்று வெளியேறிய மிஸ்ராத்தா குழுக்கள் 2014 ஜூலையில் திரும்பி வந்து, திரிப்போலி விமான நிலையத்துக்காக ஸின்தான் என்ற ஊரின் குழுக்களோடு மோதின. விமானங்கள் எரிந்தன, நிலையம் நாசமானது. பொன்னி சொன்ன அந்தச் சம்பளம் அப்போதும் இரண்டு பக்கத்துக்கும் போய்க்கொண்டுதான் இருந்தது.