மறு: புரொஜெக்‌ஷன் மேப்பிங் – ‘ஒளிவேய்தல்’ சரிவருமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். ஒரு வாரமாக இந்த இழையைப் படித்துவருகிறேன். கட்டடம், சிலை போன்றவற்றின் மேல் அவற்றின் வடிவத்துக்குப் பொருந்தும்படி புரொஜெக்டரால் படம் விழவைக்கும் கலைக்கு, அதாவது புரொஜெக்‌ஷன் மேப்பிங்குக்கு, ஒரு தமிழ்ச்சொல் தேடுகிறோம். தலைப்பில் இருக்கும் ‘ஒளிவேய்தல்’ நான் சொன்னதுதான். மேடை விளக்கு, காணொளி என்று இருபது வருடமாக இதே வேலையில் இருப்பவன் நான். ஒத்திகையில் சாரத்தின் மேல் நிற்பவரிடம் கத்திச் சொல்ல எனக்கு ஒரு சொல் வேண்டும். நிகழ்ச்சி அழைப்பிதழில் அச்சிடவும் ஒரு சொல் வேண்டும். இரண்டுக்கும் ஒரே சொல் அமைந்தால் அது நிலைக்கும் என்பது என் நம்பிக்கை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இதுவரை வந்த பரிந்துரைகள்.

> ‘ஒளிப்போர்வை’ என்று வைக்கலாமே? கேட்டதும் புரிகிறது.

புரிகிறது, அழகாகவும் இருக்கிறது. ஆனால் போர்வை எதன் மேல் போட்டாலும் ஒன்றுதான். நாற்காலி மேல் போட்டாலும் பெட்டி மேல் போட்டாலும் உள்ளே இருப்பதன் வடிவம் மங்கிப்போகும். நாம் பேசும் கலையில் நடப்பது நேர் எதிர். தூணின் விளிம்பில் ஒளி சரியாக முடிகிறது, ஜன்னலுக்குள் ஒரு படம், ஜன்னல் சட்டத்தில் வேறொரு படம். வடிவம் மறைவதற்குப் பதிலாக இன்னும் எடுப்பாகத் தெரிகிறது. இன்னொரு சிக்கலும் உண்டு. ‘ஒளி’ என்றால் வெளிச்சம், ‘ஒளி’ என்றால் மறை. பக்கத்தில் போர்வையும் வந்துவிட்டால் படிப்பவர் மனம் இரண்டாவது பொருளுக்குத்தான் ஓடும்.

> மேப்பிங் = வரைபடமாக்கல். ஆகவே ‘வீழல் வரைபடமாக்கம்’.

இதைக் கேட்டால் புவியியல் வகுப்பு ஞாபகம்தான் வரும். மேப்பிங் என்ற சொல் இங்கே கணக்கிலிருந்து வந்தது. படத்தில் இருக்கும் ஒவ்வொரு புள்ளிக்கும் சுவரில் ஓர் இடத்தைக் குறித்துக்கொடுப்பது என்பதுதான் அதன் பொருள். அப்படியே பெயர்த்தால் வேலை செய்பவருக்கும் பயனில்லை, பார்ப்பவருக்கும் பயனில்லை. ஆனால் புரொஜெக்‌ஷனைக் குறிக்கும் ‘வீழல்’ என்ற பாதியை நான் விடமாட்டேன், அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

> ஒளியோவியம்?

ஒளிப்படக்காரர்கள் இதை எப்போதோ எடுத்துக்கொண்டார்கள். அவர்களிடமே இருக்கட்டும். ‘ஒளிப்பூச்சு’ என்று சொன்ன அம்மாவுக்கும் ஒரு விளக்கம். பூச்சு அடியில் இருப்பதை மறைத்துவிடும். ஒளியால் அது முடியாது. புரொஜெக்டர் வெளிச்சத்தைச் சேர்க்கும், ஒருபோதும் கழிக்காது. கருப்பு என்ற நிறத்தை அதனால் அனுப்பவே முடியாது, ஒளி அனுப்பாமல் விடுவதுதான் அதன் கருப்பு. சுவர் செங்கல் நிறமாக இருந்தால் நீலம் அழுக்காகத்தான் விழும். இதை மறந்துவிட்டுக் கணினித் திரையில் படம் செய்பவர்கள் முதல் இரவில் அதிர்ந்துபோவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

சரி, அப்படியானால் இந்தக் கலையின் உயிர் எது? அதைப் பிடித்தால்தான் சொல் கிடைக்கும்.

எனக்கு இதைப் புரியவைத்தது அமெரிக்கக் கலைஞர் மைக்கேல் நைமார்க் 1980இல் தொடங்கிச் செய்த ஒரு படைப்பு. ஒரு வீட்டின் கூடம் போல மேசை, நாற்காலி, அலமாரி எல்லாம் வைத்து ஓர் அறையை அமைத்தார். நடுவில் மெதுவாகச் சுழலும் ஒரு தட்டு, அதன் மேல் படக்கருவி. அறையில் ஆட்கள் நடமாடுவதைச் சுற்றிச் சுற்றிப் படமெடுத்தார். அப்புறம் ஆட்கள் போய்விட்டார்கள். அறையில் இருந்த எல்லாப் பொருளுக்கும் வெள்ளைச் சாயம் தெளித்தார். படக்கருவி இருந்த அதே இடத்தில் புரொஜெக்டரை வைத்து, அதே வேகத்தில் சுழலவிட்டு, எடுத்த படத்தை ஓட்டினார். நாற்காலியின் படம் நாற்காலி மேலேயே போய் உட்கார்ந்தது. அலமாரியின் நிறம் அலமாரிக்குத் திரும்பியது. ஆட்கள் மட்டும் பேய் போலத் தட்டையாகச் சுவரில் ஊர்ந்தார்கள். ஏனென்றால் அவர்களின் படம் திரும்பிப்போய் உட்கார அங்கே உடம்பு இல்லை.

இந்த வேலையின் இலக்கணமே இதில் இருக்கிறது. புரொஜெக்டர் என்பது ஒளி திரும்பி ஓடும் படக்கருவி. எந்த உருவத்துக்கு எந்த ஒளி உரியதோ அது அங்கே போய்ச் சேர வேண்டும். இன்றைக்குக் கட்டடங்களில் செய்வதும் இதேதான். சமதளச் சுவர் என்றால் நான்கு மூலைகளைப் பொருத்தினால் போதும், மீதியைக் கணக்கு பார்த்துக்கொள்ளும். வளைவும் மேடுபள்ளமும் இருந்தால் கருப்பு வெள்ளைப் பட்டைகளை மாற்றி மாற்றி விழவைத்து, அவை எங்கே விழுகின்றன என்று ஒரு கேமராவால் பார்த்து, எந்தப் புள்ளி எங்கே போகிறது என்று கண்டுபிடிக்கிறோம். பிறகு கட்டடத்தின் முப்பரிமாண மாதிரியைக் கணினியில் வைத்து, புரொஜெக்டர் நிற்கும் அதே இடத்திலிருந்து அது எப்படித் தெரியுமோ அப்படிப் படத்தை வரைகிறோம். 1998இல் ரமேஷ் ரஸ்கரும் அவரோடு இருந்த ஆய்வாளர்களும் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் இந்தக் கணக்குகளுக்கு ஒழுங்கான வடிவம் கொடுத்தார்கள். கலை அதற்கு வெகுமுன்பே வந்துவிட்டது. டிஸ்னிலாந்தில் 1969இல் திறந்த பேய் மாளிகையிலேயே பாடகர்களின் முகங்களைப் படமெடுத்துச் சிலைகளின் முகத்தில் விழவைத்து அவற்றைப் பாடவைத்தார்கள்.

ஆக, எறிவது, வீசுவது, வீழ்த்துவது எல்லாம் பாதிக் கதைதான். மறுபாதி உடம்போடு பொருந்துவது. நம் சொல்லில் அந்தப் பொருத்தம் இருக்க வேண்டும்.

இப்போது என் பரிந்துரைக்கு வருகிறேன். இதை நான் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை, வேலையில் கிடைத்தது.

சில வருடங்களுக்கு முன் திறந்தவெளியில் ஒரு நாட்டிய நாடகம். பின்னணிக் கட்டடம் அகலம், ஒரு புரொஜெக்டர் போதாது, இரண்டு வைத்தோம். இரண்டின் படமும் நடுவில் கொஞ்சம் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும்படி அமைத்து, ஏறியிருக்கும் பட்டையில் இரண்டின் வெளிச்சத்தையும் படிப்படியாகக் குறைப்போம், அப்போதுதான் தையல் தெரியாது. மாலையில் எல்லாம் சரியாக இருந்தது. இரவில் ஒரு சாரத்தின் கால் ஈர மண்ணில் கொஞ்சம் இறங்கிவிட்டது. கால் அங்குலம் கூட இருக்காது. தூரத்தில் சுவரிலோ படம் நான்கு விரற்கடை நகர்ந்துவிட்டது. ஜன்னல் விளக்கு ஜன்னலை விட்டு இறங்கிச் சுவரில் தொங்கியது. நடுவில் இருட்டுக் கோடு. காட்சி முடியும்வரை என்னால் எதுவும் செய்ய முடியவில்லை, அந்த இரவை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. அப்போது எனக்கு உதவிக்கு நின்ற தம்பி சொன்னார்: “அண்ணே, நடுவுல கூரை பிரிஞ்ச மாதிரி இருக்கு.”

அந்தச் சொல் மனதில் தங்கிவிட்டது. கூரை வேய்வதும் இதே வேலைதான். கூரையின் சாய்வுக்கும் முகட்டுக்கும் தக்கபடி அடுக்க வேண்டும். ஒரு வரிசையின் மேல் அடுத்த வரிசை கொஞ்சம் ஏறியிருக்க வேண்டும், இடைவெளி விழுந்தால் ஒழுகும். நாங்கள் இரண்டு புரொஜெக்டர்களை வைத்துச் செய்வதற்கு இதைவிடப் பொருத்தமான வினையைத் தமிழில் நான் பார்க்கவில்லை.

அதனால் ஒளிவேய்தல். கட்டடத்துக்கு ஒளி வேய்ந்தார்கள். ஒளி வேய்ந்த சிலை. படைப்பைக் குறிக்க ‘ஒளிவேய்வு’ (ஆய்வு, ஓய்வு, சாய்வு போல). செய்பவர் ‘ஒளிவேய்நர்’.

> வேய்தல் என்றால் மூடுதல்தானே? போர்வைக்குச் சொன்ன மறுப்பு இதற்கும் பொருந்தாதா?

ஐயா நேற்று எழுதிய இந்தக் கேள்வி நியாயமானது, நேற்றிலிருந்து என்னையும் உறுத்துகிறது. அகராதியைப் பார்த்தால் வேய்தலுக்கு மூடுதல் ஒரு பொருள், சூடுதல் இன்னொரு பொருள். மாலை வேய்தல், முடி (கிரீடம்) வேய்தல் என்பது பழைய வழக்கு. முடி தலைக்கு அளவாக இருந்தால்தான் நிற்கும். பொன் வேய்ந்த கூரை என்றால் கூரை மறைந்துவிட்டது என்று யாரும் பொருள் கொள்வதில்லை, அந்தக் கூரையே பொலிகிறது என்றுதான் கொள்கிறோம். எனக்கு வேண்டியது அந்தப் பொருள்தான்.

> பேச்சில் ‘கூரை மேயறது’ என்பார்கள். ‘ஒளிமேய்தல்’ ஆகிவிடாதா?

ஆகலாம். ஒத்திகையில் “அந்தத் தூணுக்கு இன்னும் மேயலை” என்று யாராவது சொன்னால் எனக்கு மகிழ்ச்சிதான். சொல் வாய்க்குள் போய்விட்டது என்று பொருள். எழுத்தில் ‘வே’ இருந்தால் போதும்.

இனி ‘வீழல்’. இதைப் பொதுச்சொல்லாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் அழுத்தமான கருத்து. நிழல் விழுகிறது, வெளிச்சம் விழுகிறது என்று நாம் இயல்பாகச் சொல்கிறோம். புரொஜெக்டருக்கு ‘ஒளிவீழ்த்தி’, ‘படவீழ்த்தி’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கின்றன. கணக்குப் பாடத்தில் ஒரு வெக்டர் மேல் இன்னொரு வெக்டரின் வீழல் என்று பிள்ளைகள் படிக்கிறார்கள். 1659 வாக்கில் டச்சு அறிவியலாளர் ஹைகன்ஸ் செய்த, கண்ணாடியில் வரைந்த படத்தைச் சுவரில் காட்டும் மாய விளக்கிலிருந்து, 1920களில் ஜெர்மன் நாடக இயக்குநர் பிஸ்காட்டர் பெர்லின் மேடையில் காட்டிய திரைப்படத் துண்டுகள், 1958 பிரஸ்ஸல்ஸ் கண்காட்சியில் செக் நாட்டு நாடகக் கலைஞர்கள் ஸ்வோபோதாவும் ராதோக்கும் நடிகர்களையும் திரைகளையும் கலந்து செய்த லதர்னா மாகிகா வரை எல்லாமே ஒளிவீழ்த்தல். அவற்றில் பெரும்பாலானவற்றுக்குத் திரை உண்டு. திரைக்கு வெள்ளையாக இருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. எப்போது விழும் பரப்புக்கே வடிவமும் பொருளும் வந்துவிடுகிறதோ, அப்போதிலிருந்து வேய்தல்.

‘பொருளும்’ என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. 1999இல் போலந்தில் பிறந்த கலைஞர் வோதிச்கோ ஹிரோஷிமாவில் அணுகுண்டு மாடத்தின் கீழே ஆற்றங்கரைச் சுவரில், குண்டுவீச்சில் தப்பியவர்களின் கைகளை மட்டும் பெரிதாக விழவைத்தார். அவர்கள் பேசும் குரல் கேட்கிறது, கைகள் அசைகின்றன. மேலே நிற்கும் சிதைந்த கட்டடம் அந்தக் கைகளுக்குரிய உடம்பாகிவிடுகிறது. வேறு எந்தச் சுவரில் அந்தக் கைகளைக் காட்டியிருந்தாலும் இது நடந்திருக்காது. விளிம்பு பொருந்துவது மட்டும் வேய்தல் என்று நாம் வரையறுத்தால் இப்படிப்பட்ட படைப்பு வெளியே போய்விடும். வரையறையில் ‘பரப்பின் வடிவத்தோடோ பொருளோடோ பொருந்தும்படி’ என்று சேர்க்கச் சொல்வேன்.

எந்தப் பக்கமும் சேராதது ஒன்று உண்டு. பிரிட்டனில் பிறந்த கலைஞர் ஆண்டனி மெக்கால் 1973இல் செய்த படைப்பில் புகைமண்டிய இருட்டறைக்குள் 30 நிமிடம் ஒரு படச்சுருள் ஓடும். சுவரில் ஒரு புள்ளி மெல்ல வட்டமாகிறது. ஆனால் பார்க்க வேண்டியது சுவரை இல்லை, நடுவில் காற்றில் உருவாகும் ஒளிக்கூம்பை. பார்ப்பவர்கள் அதற்குள் நடக்கிறார்கள், கையை நீட்டித் தொடப்பார்க்கிறார்கள். அவர் இவற்றைக் கெட்டியான ஒளி என்ற பொருளில்தான் அழைக்கிறார். ‘திண்ணொளி’ என்று சொல்லலாம். இதில் யாருக்கும் மறுப்பிருக்காது என்று நினைக்கிறேன்.

எனக்கு இன்னும் பிடிபடாதது அசையும் உடம்பு. ஆடுபவரைக் கேமரா பின்தொடர்ந்து, உடம்பின் வெளிக்கோட்டை அந்த நொடியே கண்டுபிடித்து, அதற்குள் மட்டும் படம் விழவைப்பது. 2004இல் ஆஸ்திரியக் கலைஞர் கிளாவுஸ் ஓபர்மையர் இரண்டு ஆடுபவர்களோடு செய்த படைப்பில் இது முழுமையாக வந்தது. ‘உடன்வேய்தல்’ என்று எழுதிப்பார்த்தேன். பொருள் வருகிறது, ஓசை வரவில்லை. ‘தொடர்வேய்வு’ என்றால் நிற்காமல் ஓடுவது என்று ஆகிவிடுகிறது. வேய்தல் என்ற வினையே அசையாத பொருளுக்கு உரியதோ என்ற ஐயமும் இருக்கிறது. ஒளி எப்போதும் ஒரு கணம் பிந்தித்தான் வரும், வேகமாகக் கையை வீசினால் படம் காற்றில் தங்கிப்போகும், ஆடுபவர்கள் அதற்கேற்பத் தங்கள் வேகத்தையே மாற்றிக்கொள்கிறார்கள். இது ஆடை அணிவதற்குக் கிட்டே வருகிறதா, நிழல் தொடர்வதற்குக் கிட்டே வருகிறதா?

இந்தக் குழுவில் நடனம் ஆடுபவர்கள் இரண்டு பேர் இருக்கிறீர்கள். உடம்பில் ஒளி ஏறும்போது ஒத்திகையில் உங்களுக்குள் என்ன சொல்லிக்கொள்கிறீர்கள் என்று எழுதுங்கள். அந்தப் பதில் வரும்வரை இந்த ஒன்றை மட்டும் பட்டியலில் காலியாக வைத்திருப்போம். ஒளிவீழ்த்தல், ஒளிவேய்தல், திண்ணொளி மூன்றையும் அடுத்த வாரம் கலைச்சொல் தொகுப்பில் ஏற்றலாமா என்று தொகுப்பாளர் அம்மா சொல்லட்டும்.

அன்புடன்,
மேடை விளக்குக்காரன்